கூண்டில் நிற்கும் மாப்பிள்ளை

ஒரு காலத்தில் நீதிமன்றமாக இருந்த பிரசவ விடுதியின் கூடத்தில் காலை வெயில் சாய்ந்து விழுகிறது. புராதனக் கட்டடம், ஓர் ஆணியைக்கூட அசைக்கக் கூடாது என்பது மேலிடத்து உத்தரவு. அதனால் குற்றவாளிக் கூண்டு அப்படியே நிற்கிறது, அதன் கம்பிகளில் குழந்தைத் துணிகள் காய்கின்றன. நீதிபதி மேடையில் தச்சனின் மாமியார் வெந்நீர்க் குடுவையோடு வீற்றிருக்கிறாள். பிரசவ அறைக் கதவருகே வேறு இடமில்லாததால் தச்சன் கூண்டுக்குள் நிற்கிறான். அறைக்குள்ளே அவன் மனைவி விடியற்காலையிலிருந்து வலியில் துடிக்கிறாள். "மாப்பிள்ளை, கட்டையைச் சுரண்டாதீங்க, அதுக்கும் ஃபைன் போடுவாங்க." "கை சும்மா இருக்க மாட்டேங்குது அத்தை." "கொலை பண்ணிட்டு வந்தவர் மாதிரி முழிக்கிறீங்களே!" என்று அதட்டுகிறவளின் விரல்களும் குடுவை மூடியைத் திருகித் திருகித் திறக்கின்றன, மூடுகின்றன. கதவுக்குப் பின்னால் ஓர் அலறல் எழுந்து அடங்குகிறது. பிறகு, எத்தனையோ பேரை நடுங்க வைத்த அந்த உயர்ந்த கூரையில் மோதி ஒரு புதுக் குரல் வீறிடுகிறது. மேடையில் மாமியார் தன்னையறியாமல் எழுந்து நிற்கிறாள். தச்சனின் கைகள் தாமாகக் குவிகின்றன. கண்ணீர் வழிய, கதவையும் கூரையையும் கூண்டையும் மாறி மாறிக் கும்பிடுகிறான். துணிச்சுருளோடு நர்ஸ் வெளியே வருகிறாள். "அம்மாவும் பொண்ணும் நல்லா இருக்காங்க. இந்தக் கூண்டுல நிக்கிற அத்தனை பேரும் இப்படித்தான் கும்பிட்டுக்கிட்டே நிக்கிறீங்க. கையைப் பிரிங்கய்யா, பிள்ளையை வாங்க வேணாமா?"