'ழ' ஏன் இடம் மாறியது?

செண்பகவல்லியின் லினக்ஸ் கணினியில் ஒரு விசைப்பலகைக் கோப்பு இருந்தது. எந்த விசையைத் தட்டினால் எந்த எழுத்து வரும் என்று சொல்வது அதன் வேலை. ஒருநாள் அப்டேட்டோடு புதுக் கோப்பு ஒன்று வந்து இறங்கியது.

"அண்ணே, எல்லாக் கணினியிலும் 'ழ' வலது ஓரத்துல இருக்கு. உங்ககிட்ட மட்டும் ஏன் இடது பக்கம்?" என்று பழைய கோப்பிடம் கேட்டது புதியது.

"செண்பகவல்லிதான் மாத்தினாங்க. ஏன்னு நான் கேட்டதில்லை."

"உங்களை எடுத்துட்டு என்னை வைக்கச் சொல்லித்தான் லினக்ஸ்காரங்க அனுப்பினாங்க. நான் இருந்தா 'ஸ்ரீ' உடையாம வரும்."

பழையதற்குச் சுருக்கென்றது. அதனிடம் 'ஸ்ரீ' எப்போதும் துண்டுதுண்டாகத்தான் வரும்.

"இருங்க, பார்ப்போம்" என்று புதியது திரை வழியே எட்டிப் பார்த்தது. செண்பகவல்லி தட்டச்சு செய்துகொண்டிருந்தாள். மற்ற விரல்களெல்லாம் ஓடின. வலது ஓர விசைகளைத் தட்ட வேண்டிய வலது சுண்டுவிரல் மட்டும் மடங்காமல் விறைத்து நின்றது.

"என்னை அப்படியே வச்சா அவங்களால 'ழ' அடிக்க முடியாதே!" என்றது புதியது. "அவங்களையே கேட்டுடலாம்."

திரையில் கேள்வி வந்தது: பழையதா, புதியதா?

தான் மாற்றிய 'ழ' போய்விடுமோ என்று இந்தக் கேள்விக்குப் பயந்தே அவள் அப்டேட்டைத் தள்ளிப்போட்டு வந்தாள். இப்போது இரண்டு கோப்புகளையும் அருகருகே திறந்து படித்தாள். 'ழ' வரியை மட்டும் எடுத்துப் புதியதில் சேர்த்தாள். அதற்கு மேலே ஒரு குறிப்பும் எழுதினாள்: "என் சுண்டுவிரல் மடங்காது. இந்த வரி இருக்கட்டும்."

பழையது அதைப் படித்தது.

"இத்தனை நாள் கூடவே இருந்தும் ஏன்னு நான் கேட்கலையே, தம்பி" என்று சொல்லிவிட்டு இடத்தைக் காலி செய்தது.