சீப்பில் கறுப்பு முடி

மூட்டுவாதத்துக்கு இரண்டு மருந்துகளில் எது மேல் என்று பார்க்கும் ஆய்வு அது. குணமானால் எதைச் செய்ய ஆசை என்று நோயாளிகளைக் கேட்பது நர்ஸின் வேலை. விரல்கள் மடங்கிப்போயிருந்த ஓர் அம்மாள், "என் மகளுக்குத் தலை பின்னிவிடணும்" என்றாள்.

சில மாதங்களில் விரல்கள் நிமிர்ந்துவிட்டன.

"பின்னிவிட்டீங்களாம்மா?"

"தினமும்தான். ஒரு இடத்துல உட்கார்ந்தாத்தானே!"

அவள் ரத்தப் பரிசோதனைக்குப் போனதும் கூட வந்திருந்த கணவர் குரலைத் தாழ்த்தினார். "மக தவறி எட்டு வருஷமாச்சும்மா."

நர்ஸ் திடுக்கிட்டாள். "அப்போ இது மருந்தால வர்ற பிரமையா இருக்கும். நிறுத்தணுமே ஐயா. டாக்டர்கிட்ட சொல்றேன்."

"நிறுத்திடாதீங்க. எங்க ரெண்டு பேருக்கும் தலை வெளுத்துப்போச்சு. சீப்புல கறுப்பு முடி இருக்கு."

மனைவி வந்ததும் கிளம்பினார்கள். அவள் வெளியே போன பிறகும் அவர் கதவை விடாமல், இன்னும் ஒருவருக்காகப் பிடித்துக்கொண்டு நின்றார். நர்ஸ் தன் நாற்காலியை ஒதுக்கி வழிவிட்டாள்.