பழைய ரேடியேட்டர்

புதுத் தரை போட்டு முடிந்ததும், அறையைச் சூடாக்கும் வார்ப்பிரும்பு ரேடியேட்டரை ஹால்ஷ்காவும் தம்பி ஜெனோனும் மூச்சு முட்டத் தூக்கி வந்தார்கள்.

“இந்த யானையை எடைக்குப் போட்டுட்டு, ஒல்லியா புதுசு வாங்கேன்க்கா!”

“மாட்டேன். இதேதான், பழைய இடத்துலயேதான் வரணும்.”

“அந்தச் சுவர்ல மாட்டினா இங்க சோபா போடலாமே. அத்தான் ஒண்ணும் சொல்ல மாட்டாரு.”

“சொல்ல மாட்டார்டா. அதனாலதான். ஒரு விரக்கடை தள்ளினாலும் கழட்டி மறுபடி மாட்ட வெப்பேன்.”

கடைசி இணைப்பை இறுக்கியபோது வாசலில் டாக்ஸி வந்து நின்றது. ஹால்ஷ்கா ஓடிப்போய்க் கணவர் லுத்விக்கைக் கைபிடித்து அழைத்து வந்தாள். புதுத் தரையில் கால் பட்டதும் அவர் திகைத்து நின்றார்.

“இது நம்ம வீடுதானா?”

“பழைய பலகை உங்க காலைத் தடுக்கும்னு தரையை மட்டும் மாத்தினேங்க.”

தொழிற்சாலை விபத்தில் பார்வை போன பிறகு, ஆஸ்பத்திரியிலிருந்து அவர் வீடு திரும்புவது இன்றுதான்.

லுத்விக் கையை நீட்டித் துழாவினார். இரும்பின் வரிகள் விரல்களில் தட்டுப்பட்டன. முகம் மலர்ந்தது. அங்கிருந்து இடதுபக்கம் திரும்பி, அவள் கையை விட்டுவிட்டுத் தானாகவே சமையலறைக்கு நடந்தார்.

“ரெண்டு பேருக்கும் எப்படி இரைக்குது! உக்காருங்க, டீ நான் போடறேன்.”