காரணம் தெரியாத பிரேக்

“இன்னைக்காவது இந்த ரயிலைக் கீழே இறக்கி வெச்சீங்கன்னா, மேசையில உட்கார்ந்து சாப்பிடலாம்,” என்றாள் மனைவி.

இரண்டு மாதமாகச் சாப்பாட்டு மேசையை ஒரு பொம்மை ரயில் பிடித்துக்கொண்டிருந்தது. அட்டையில் வளைத்து ஒட்டிய தண்டவாளம், அதன் மேல் ஒரு எஞ்சின், பின்னால் பெட்டிகள். பக்கத்தில் ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர் கன்னத்தில் கைவைத்து உட்கார்ந்திருந்தார்.

“சாயங்காலம் அச்சகத்துக்காரர் வர்றார். கடைசி அத்தியாயத்தை முடிச்சுட்டா ரயிலும் போயிடும், நானும் உனக்குத் திரும்பக் கிடைச்சுடுவேன்.”

“ரயில் போனா போதும்.”

அவர் எழுதிக்கொண்டிருந்த புத்தகம், அவர் சிறுவனாக இருந்தபோது நடந்த ஒரு விபத்தைப் பற்றியது. ஒரு வளைவில் பயணிகள் ரயில் தடம்புரண்டு மூன்று பேர் இறந்துபோனார்கள். எஞ்சினை ஓட்டியவர் அவருடைய அப்பா. காரணமே இல்லாமல் வளைவில் திடீர் பிரேக் போட்டார் என்று விசாரணைக் குழு சொல்லிவிட்டது. அதன்பிறகு அப்பா எஞ்சினை ஓட்டவில்லை, பணிமனையில் கழுவினார். பள்ளிக்கூடத்தில் மகனுக்குக் கிடைத்த பட்டப்பெயர் ‘தடம்புரண்டான்’. அந்தப் பழியைத் துடைக்கத்தான் இந்தப் புத்தகம்.

ரயில் எப்படிக் கவிழ்ந்தது என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. கேட்க ஆள் கிடைத்தால் போதும், விளக்க ஆரம்பித்துவிடுவார். இப்போதும் ஆரம்பித்தார்.

எஞ்சினில் பிரேக் போட்டால் எல்லாப் பெட்டிகளுக்கும் ஒரே சமயத்தில் பிடிக்காது. குழாய் வழியாக முன்னாலிருந்து பின்னால் ஒவ்வொன்றாகத்தான் போய்ச் சேரும். முன் பெட்டிகள் நிற்கப் பார்க்கும். பின் பெட்டிகளுக்கு விஷயமே தெரியாது, வந்த வேகத்தில் வந்து முட்டும். நேர்ப் பாதை என்றால் ஒரு குலுக்கலோடு போய்விடும். வளைவில், அதுவும் நடுவில் கனமில்லாத பெட்டி ஒன்று மாட்டிக்கொண்டால்?

கடைசிப் பெட்டியை விரலால் தள்ளினார். நடுவிலிருந்த காலிப் பார்சல் பெட்டி வெளிப்பக்கமாகப் பிதுங்கித் தடத்தை விட்டு இறங்கியது. அடுத்த பெட்டியையும் கூடவே இழுத்துக்கொண்டு போனது.

“கூட்டமான பஸ்ஸுல முன்னாடி இருக்கிறவர் நின்னு, பின்னாடி இருக்கிறவங்க தள்ளினா, நடுவுல இருக்கிற ஒல்லிப்பிச்சான்தான் யார் மடியிலயாவது போய் விழுவான். அதுதானே?”

“அதேதான். நீ என் வகுப்புல இருந்திருக்கணும்.”

“இத்தனை தடவை பாடம் எடுத்தா, இந்த மேசைக்கே புரிஞ்சிருக்கும்.”

அவர் சிரித்தார். ஆனால் சிரிப்பு நிலைக்கவில்லை. எப்படி என்பது தெரிந்துவிட்டது. ஏன் என்பதுதான் பிடிபடவில்லை. தண்டவாளம் நன்றாக இருந்தது. சிக்னல் பச்சை. கூட இருந்தவர் குனிந்து கரி அள்ளிப் போட்டுக்கொண்டிருந்ததால் எதையும் பார்க்கவில்லை. உயிர்தப்பிய பயணிகளையெல்லாம் தேடிப் போய்க் கேட்டாயிற்று. அப்பாவோ விசாரணையிலும் வீட்டிலும் ஒரே பதிலைத்தான் சொன்னார்: போடணும்னு தோணுச்சு, போட்டேன். படுத்த படுக்கையாகக் கிடந்த கடைசிக் காலத்தில் மகனைவிட மருமகளிடம்தான் அதிகம் பேசினார். அவளிடமும் அதற்குமேல் ஒரு வார்த்தை சொல்லவில்லை என்றுதான் ஆசிரியர் நினைத்திருந்தார்.

“நேர்மையா எழுதணும்னா இனிமே ஒண்ணுதான் எழுத முடியும்,” என்றார் ஆசிரியர். “அப்பா கண் அசந்திருக்கார். முழிச்சதும் பதறிப்போய் பிரேக்கைப் போட்டிருக்கார். அவரைக் காப்பாத்தக் கிளம்பி, கடைசியில நானே தீர்ப்பு எழுதுறேன்.”

“அப்படி எழுதாதீங்க.”

“வேற காரணம் இருந்தா சொல்லு, எழுதுறேன்.”

மனைவி கவிழ்ந்த பெட்டிகளைத் தூக்கித் தடத்தில் வைத்துவிட்டு, வளைவு தொடங்கும் இடத்தில் விரலை வைத்தாள்.

“இங்கே ஒரு அம்மா கரி பொறுக்கிட்டு இருந்தாங்க. அவங்க குழந்தை தண்டவாளத்துக்கு நடுவுல உட்கார்ந்து ஜல்லிக்கல்லை அடுக்கிட்டு இருந்தது. மாமா பார்த்துட்டார். வேகம் குறைஞ்சதாலதான் அந்த அம்மா ஓடிவந்து குழந்தையைத் தூக்க முடிஞ்சுது.”

“இதை அப்பா ஏன் விசாரணையில சொல்லலை?” என்று கேட்டார் ஆசிரியர்.

அந்தப் பெண் விசாரணைக்கு முன்பே அப்பாவைத் தேடி வந்து அழுதிருக்கிறாள், நடந்ததைச் சொல்லிவிடுகிறேன் என்று. அப்பா விடவில்லை.

“மூணு பேர் செத்திருக்காங்க. உண்மையைச் சொன்னா அந்த மூணு சாவையும் குழந்தை தலையில கட்டிடுவாங்க. நான் தாங்குவேன், அது தாங்காதுன்னுட்டார். யார்கிட்டயும் மூச்சு விடக் கூடாதுன்னு சத்தியமும் வாங்கிட்டார். என்கிட்டயும்தான்.”

ஆசிரியர் கண்களைத் துடைத்துக்கொண்டு பேனாவை எடுத்தார். இரண்டு வரி எழுதியதும் கை நின்றது. மருமகள் சொன்னாள் என்று எழுதினால் குடும்பக் கதை என்று தள்ளிவிடுவார்கள்.

“நேர்ல இருந்தவங்க சாட்சி வேணும். அந்தக் குழந்தை எங்கே இருக்குன்னு அப்பா உன்கிட்ட சொன்னாரா? எவ்வளவு தூரமானாலும் போய்க் கேட்டுட்டு வந்துடுறேன்.”

மனைவி ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரில் உட்கார்ந்தாள்.

“தூரமெல்லாம் போக வேண்டாம், கேளுங்க. அப்போ எனக்கு நாலு வயசு.”