பற்றிக்கொண்ட கைதட்டல்

கறுப்புச் சட்டைக்காரன் டிக்கெட்டை நீட்டிவிட்டு உள்ளே நுழைந்ததுமே காவலாளியின் கண் அவன் மேலேயே நின்றது.

கண்காட்சிக் கூடம் முழுக்கக் கரிக்கட்டைகள். எரிந்துபோன காட்டிலிருந்து லாரியில் ஏற்றிவந்த மரங்களை நிறுத்திவைத்திருந்தார்கள். தரையில் கணுக்கால் அளவு சாம்பல். மூலையில் ஓர் இயந்திரம் புகை கக்கியது; ஒலிபெருக்கியில் சுள்ளிகள் சடசடவென்று வெடித்தன. நடுவில் ஒரு சாம்பல் மேடு. அதன் உச்சியில், உள்ளங்கை அளவில், அசல் தங்கத்தில் ஒரு விதை. நெருப்பு பட்டால்தான் முளைக்கும் விதைகள் உண்டாம், அதற்கு அடையாளமாம். ஒரு நகைக்கடை முதலாளி இரவல் கொடுத்தது.

கண்ணாடிப் பெட்டி கிடையாது. "காட்டை யாராவது பெட்டிக்குள்ள வைப்பாங்களா?" என்று இதையெல்லாம் அமைத்த சிற்பி அம்மாள் மறுத்துவிட்டார். மறுத்த கையோடு காவலாளியிடம், "விதைக்கு ஏதாவது ஆச்சுன்னா முதல் சந்தேகம் உங்க மேலதான் வரும், பார்த்துக்குங்க" என்றும் சொல்லிவைத்தார்.

அந்தப் பேச்சு காவலாளிக்கு நெஞ்சில் முள்ளாகத் தைத்திருந்தது.

கறுப்புச் சட்டை மேட்டைச் சுற்றிச் சுற்றி வந்தான். குனிந்து ஒரு கை சாம்பலும் கரியும் அள்ளி முகத்தில் அப்பிக்கொண்டான். கைகளை விரித்துக் கத்தினான்.

"தீப்பிடிச்சிருச்சு. எல்லாரும் ஓடுங்க."

வேறு இடமாக இருந்தால் கூட்டம் விழுந்தடித்துக்கொண்டு ஓடியிருக்கும். இங்கேதான் காலையிலிருந்தே புகை வருகிறதே. ஒருவரும் நகரவில்லை. தலையைச் சாய்த்து அவனை ரசித்தார்கள். அவன் கை விதையை நோக்கி நீண்டது. காவலாளி ஒரே பாய்ச்சலில் அவன் காலரைக் கொத்தாகப் பிடித்தார்.

அப்போது கூட்டத்தின் முன்னால் நின்ற கூலிங்கிளாஸ் பெண் ஒருத்தி கைதட்டினாள். அவ்வளவுதான். கைதட்டல் கூடம் முழுக்கப் பற்றிக்கொண்டது.

"விடுங்க அவரை." சிற்பி ஓடிவந்தார். "உலகம் எரியுதுன்னு ஒருத்தர் கத்துறார். நாம நின்னு வேடிக்கை பாக்குறோம். என் கண்காட்சியோட அர்த்தமே இதுதானே."

"அம்மா, ஆளு சரியில்ல. திருட வந்தவன்."

"கலைஞன்னா யாருதான் சரியா இருப்பாங்க? இனிமே அவர் மேல கை வைக்காதீங்க."

மறுநாளிலிருந்து தினமும் மாலையில் அவன் கரி பூசிக்கொண்டு வந்து கத்தினான். பத்திரிகைகள் படம் போட்டன. கூட்டம் அலைமோதியது. காவலாளி மட்டும் கண்ணில் பட்டவர்களிடமெல்லாம் புலம்பித் தீர்த்தார். "ஒரு நாள் இல்ல ஒரு நாள் அதைச் சுருட்டிட்டுப் போகப்போறான், பாருங்க."

"உங்களுக்கு அவர் மேல பொறாமை அண்ணே," என்று சிரித்தாள் டிக்கெட் கொடுக்கும் பெண்.

நிறைவு நாளில் சிற்பி காவலாளியைக் கூப்பிட்டார். "இன்னிக்கு அவர் விதையைத் தூக்கிக்கிட்டு வாசலைத் தாண்டி ஓடப்போறார். காட்டைக் காப்பாத்துறதா அர்த்தம். அவரே சொன்ன யோசனை. நீங்க குறுக்கே விழாம கதவைத் திறந்து பிடிங்க."

"ஓடினவன் திரும்பி வரலைன்னா?"

"மனுஷங்க மேல நம்பிக்கை வேணும்ங்க."

"அப்ப இதை நாலு பேர் முன்னாடி சொல்லிடுங்கம்மா. நாளைக்கு என் தலை உருளக் கூடாது."

சிற்பி வாசல்வரை வந்து, எல்லார் காதிலும் விழும்படி உரக்கவே சொன்னார்.

அவன் கத்தினான். விதையை நெஞ்சோடு அணைத்தான். சாம்பல் பறக்க ஓடினான். காவலாளி பல்லைக் கடித்துக்கொண்டு கதவைத் திறந்து பிடித்தார். கைதட்டல் கூரையைப் பிய்த்தது.

புகை அடங்கியது. கூட்டம் காத்திருந்தது. "திரும்பி வராம இருக்கார் பாருங்க, அதுதான் உச்சம். போன காடு திரும்பி வருமா?" என்று ஒரு விமர்சகர் உருக, மறுபடியும் கைதட்டினார்கள்.

முதலில் தட்டுவதை நிறுத்தியவர் நகைக்கடை முதலாளி.

இன்ஸ்பெக்டர் வந்தார். பத்திரிகைப் படங்களைப் புரட்டினார். எல்லாவற்றிலும் கரி அப்பிய முகம். பெற்றவளுக்கே அடையாளம் தெரியாது. அவன் பேரோ ஊரோ யாரும் கேட்டு வைத்திருக்கவில்லை. விசாரித்த அத்தனை பேரும் ஒரே பாட்டைத்தான் பாடினார்கள். காவலாளி முதல் நாளே பிடித்தார், தினமும் தலைபாடாக அடித்துக்கொண்டார், யாருமே கேட்கவில்லை. சிற்பியும் அதையே ஒப்புக்கொண்டார்.

இன்ஸ்பெக்டர் காவலாளியின் தோளைத் தட்டினார். "இத்தனை பேர்ல உங்க ஒருத்தருக்குத்தான் கண்ணு இருந்திருக்கு. உங்களை எதுக்கு விசாரிக்கணும்? வீட்டுக்குப் போய் ஓய்வெடுங்க."

போனார். கதவைத் திறந்த மனைவி, தலைமேல் ஏற்றிவிட்டிருந்த கூலிங்கிளாஸைக் கழற்றி மேசையில் வைத்தாள்.

சோபாவில் கறுப்புச் சட்டையின் பொத்தானைத் தளர்த்திக் கழுத்தைத் தடவிக்கொண்டிருந்த அவளுடைய தம்பி, காவலாளியை முறைத்தான். "எல்லாம் சரிதான் அத்தான், முதல் நாள் காலரை அவ்வளவு நிஜமாவா பிடிக்கணும்?"