துக்க மதிப்பெண்

தாயை இழந்து பரீட்சை எழுதும் பிள்ளைக்கு, கையில் கட்டிய பட்டை அளந்து சொல்லும் துக்கத்துக்கு ஏற்ப மதிப்பெண் கூட்டிக் கொடுத்தார்கள். இலக்கியாவுக்கு இருபது காட்டியது. அவள் அப்பா சுதாகரின் பட்டையோ, மனைவி ரம்யா போன நாளிலிருந்து பூஜ்யத்திலேயே நின்றது. அலுவலகத்தில் அவனுக்குத் துக்க விடுப்புகூடத் தரவில்லை.

அந்த மதிப்பெண் கேட்டு, விண்ணப்பத் திரையில் தந்தை விரல் வைக்க வேண்டும். சுதாகர் விரலை நீட்டியபோது இலக்கியா திரையை இழுத்துக்கொண்டாள்.

"வேணாம்ப்பா."

"ஒரு மார்க்குல கால்நடை மருத்துவ சீட்டு போயிரும், பாப்பா."

"போனா போகட்டும். அம்மா செத்ததுக்கு எனக்கு எதுக்கு மார்க்கு? நீ தோசைய வட்டமா ஊத்து, அது போதும்."

பரீட்சை முடியும்வரை அவன் விடியலில் எழுந்து தோசை ஊற்றினான். ஒன்றுகூட வட்டமாக வரவில்லை. இது இலங்கை, இது ஆப்பிரிக்கா என்று பெயர் வைத்துச் சாப்பிட்டுவிட்டு அவள் படித்தாள்.

சீட்டு கிடைத்தது. கல்லூரி விடுதி வாசலில் இருந்த இயந்திரம், "துக்க மதிப்பெண் சேர்ந்ததா?" என்று கேட்டது.

"இல்ல. எல்லாம் அவளே வாங்கினது."

சுதாகர் சத்தமாகவே சொல்லிவிட்டான். வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

பெட்டியோடு அவள் படியேறும்போது அவன் பட்டை அதிர்ந்தது. "துக்கம் பதிவாகியுள்ளது. விடுப்பு வேண்டுமா?"

அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

"இது துக்கம் இல்லய்யா. அங்க பாரு, என் பொண்ணு போறா."