பிளாட்டி குட்டி போட்ட சனிக்கிழமை

வாளிக்குள்ளிருந்து இரண்டு கண்கள் வீப்ரனைப் பார்த்தன.

கண்கள் மட்டும்தான். உடம்பு கண்ணாடி மாதிரி இருந்ததால், இரண்டு கரும்புள்ளிகள் தாமாகவே நீந்துவதுபோல் தெரிந்தது.

தண்ணீரை உறிஞ்சி வாளிக்கு விட்டுக்கொண்டிருந்த குழாயின் வாயைச் சட்டென்று கட்டைவிரலால் அடைத்தான். மீன்தொட்டித் தண்ணீரில் பாதி ஏற்கெனவே வாளிக்கு வந்திருந்தது.

"யோரின்! இங்க வா. இது குட்டி போட்டுக்கிட்டிருக்கு."

தொட்டியில் ஆரஞ்சு நிறப் பெண் பிளாட்டி மீன், பாசிக்கொத்தை ஒட்டி அசையாமல் நின்றது. அதன் வயிற்றடியிலிருந்து சின்னச் சுருள் ஒன்று விழுந்தது. விழும்போதே நிமிர்ந்து, பாசிக்குள் ஓடி மறைந்தது. ஈன்றவளே திரும்பி, வாயைத் திறந்துகொண்டு அதைத் துரத்தினாள்.

இந்த வீட்டிலிருந்து அவன் எடுக்க வேண்டிய கடைசிச் சாமான் அந்தத் தொட்டி. புத்தகம், சைக்கிள், அவனுடைய நாற்காலி எல்லாம் முன்பே போய்விட்டன. ஆறு வாரமாக அண்ணன் வீட்டு மாடியில்தான் படுக்கை. யோரினோடு பதினோரு வருடக் குடித்தனம் சண்டையில் முடியவில்லை. சாப்பாட்டு மேசையில் பேச்சு குறைந்துகொண்டே போய், ஒருநாள் நின்றுவிட்டது.

தொட்டியும் போய்விட்டால் நெதர்லாந்தின் குரோனிங்கனில் இந்த மூன்றாம் மாடிக்கு ஏறி வர அவனுக்கு ஒரு காரணமும் இருக்காது. ஒவ்வொரு படியிலும் அதை நினைத்துக்கொண்டேதான் ஏறியிருந்தான்.

அக்டோபர் பன்னிரண்டு, வேறு எந்த நாளும் வேண்டாம் என்று ஃபோனில் யோரின் கறாராகச் சொல்லியிருந்தாள். நாள் குறித்து அனுப்பி வைக்கிறாள் என்று அவன் எடுத்துக்கொண்டான்.

யோரின் வந்து வாளியை எட்டிப் பார்த்தாள். உள்ளே போய் ஒரு பழைய நைலான் காலுறையோடு திரும்பினாள்.

"இதைக் குழாய் வாயில கட்டு. எத்தனை பேரை உறிஞ்சித் தள்ளினியோ, பாவி."

காப்பிக் கோப்பையால் அவன் மொண்டான். அவள் எண்ணினாள். வாளியில் ஏழு. இரண்டு தலைகளும் ஒரே வாளிக்கு மேல் குனிந்திருந்தன. அவள் தலைமுடி அவன் காதில் பட்டது. இருவருமே விலகவில்லை. கோப்பையை அலுங்காமல் தொட்டிக்குள் சாய்த்தார்கள். தாயை வலையில் பிடித்து வாளிக்கு மாற்றினார்கள்.

படியில் தடதடவென்று சத்தம். வேனோடு கீழே காத்திருந்த நண்பன் ஹார்ம், மூச்சிரைக்க வாசலில் நின்றான்.

"டேய், தெருவையே அடைச்சு வண்டிய நிறுத்தியிருக்கேன். பின்னால ஒருத்தன் என் பரம்பரையையே இழுத்துத் திட்டறான். நீங்க ரெண்டு பேரும் வாளியில முகம் பார்த்துக்கிட்டிருக்கீங்க!"

விஷயம் தெரிந்ததும் அவன் குரல் மாறியது.

"பிரசவமா? அப்ப சோம்பு மிட்டாய் தூவின ரஸ்க் எங்க? இந்த நாட்டுல குழந்தை பொறந்த வீட்டுலேர்ந்து எவனாவது வெறுங்கையோட போவானா?"

யோரின் சிரித்தாள். வீப்ரன் சிரிக்கவில்லை. தொட்டியின் விளிம்பில் கையை வைத்துக்கொண்டு சொன்னான்.

"இப்பத் தூக்கினா ஒண்ணுகூட மிஞ்சாது. மாடிப்படி குலுக்கல்லயே போயிடும். மூணு வாரமாவது தொட்டி இங்கயே இருக்கணும்."

பரவாயில்லை, எடுத்துக்கொண்டு போ என்று அவள் சொல்லிவிடுவாள் எனக் காத்திருந்தான்.

யோரின் கண்ணாடியில் ஒட்டியிருந்த பாசியை நகத்தால் சுரண்டினாள்.

"எனக்கு இதெல்லாம் பார்த்துக்கத் தெரியாது. தினம் நாலஞ்சு தடவை தீனிய நுணுக்கிப் போடணுமாமே. பகல்ல நான் போடறேன். சாயங்காலம் நீ வந்து பாரு. ஆறு மணிக்கு."

ஹார்ம் அவளைப் பார்த்தான். பிறகு வீப்ரனைப் பார்த்தான்.

அந்த ஊரில் ஆறு மணி என்றால் ராச்சாப்பாட்டு உருளைக்கிழங்கு மேசைக்கு வரும் நேரம். தட்டு வைக்க மனமில்லாத விருந்தாளியை ஐந்தே முக்காலுக்கே மேலங்கியை எடுத்துக் கொடுத்து வழியனுப்பிவிடுவார்கள்.

"சரி, நான் காலி வேனை வெச்சுக்கிட்டு ஊர்வலம் போறேன்," என்று ஹார்ம் படியிறங்கினான்.

வீப்ரன் கை கழுவக் கழிப்பறைக்குள் போனான்.

கதவின் உட்புறத்தில், அந்த நாட்டில் எல்லா வீட்டிலும்போலப் பிறந்தநாள் நாட்காட்டி தொங்கியது. கிழமையும் வருடமும் இல்லாதது. வெறும் தேதிகள், அவற்றுக்கு நேரே பெயர்கள். அக்டோபர் ஒன்பதில் அவனுடைய அத்தை ஃபெனா. அவள் பெயரை யாரும் அடித்துவிடவில்லை.

பன்னிரண்டில் அவர்களுக்குத் தெரிந்த யாரும் பிறக்கவில்லை. ஆனால் அங்கே பென்சிலில், யோரினின் சாய்ந்த கையெழுத்தில் ஒரு சொல்.

'குட்டிகள்?'

அவன் தாளை முன்னால் புரட்டினான். செப்டம்பர் பதினான்கில் அதே பென்சில்: 'பிளாட்டி குட்டி போட்டது. பார்ப்பதற்குள் எல்லாவற்றையும் தின்றுவிட்டது.'

விரல்விட்டு எண்ணினான். இருபத்தெட்டு நாள். நாலு வாரத்துக்கு ஒரு தடவை பிளாட்டி ஈனும் என்று அவளுக்கு அவன் ஒருபோதும் சொன்னதில்லை. அவளும் கேட்டதில்லை.

வெளியே வேன் கிளம்பும் சத்தம் கேட்டது.

நூலில் கட்டித் தொங்கிய பென்சிலை எடுத்தான். நவம்பரைத் திருப்பி, பன்னிரண்டிலிருந்து மறுபடி இருபத்தெட்டு எண்ணி, ஒன்பதாம் தேதியில் அழுத்தி எழுதினான்.

'குட்டிகள்.'

கேள்விக்குறி போடவில்லை.